ஜிக்கி, ஷாலிமார், மிட்சுகோ: கெர்லான் பற்றி வாசகர் கேள்விகள்

பாரிஸின் கெர்லான் சென்ட் நிறுவனம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கெர்லானை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? பழைய கம்பெனி என்பதைத் தவிர வேறு ஏதாவது விசேஷம் உண்டா?

பதில்: பழமைதான் அளவுகோல் என்றால் கெர்லானுக்கு முதலிடம் கிடையாது. ஊபிகான் 1775-லேயே கடை திறந்துவிட்டது. பியேர் ஃபிரான்சுவா பாஸ்கல் கெர்லான் பாரிஸின் ரிவோலி வீதியில் கடை போட்டது 1828-ல்.

விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஃபேஷன் கம்பெனிகள் தாமாக சென்ட் செய்வதில்லை. இப்படி ஒரு வாசனை வேண்டும், விலை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி ஜிவோதான், ஐ.எஃப்.எஃப் போன்ற வாசனைத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே நாலைந்து பேர் போட்டி போட்டு மாதிரி தயாரிப்பார்கள். கெர்லானில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. நிறுவனரின் மகன் எமே, எமேயின் சகோதரர் மகன் ஜாக், ஜாக்கின் பேரன் ஜான்-போல் என்று சூத்திரப் புத்தகம் குடும்பத்துக்குள்ளேயே கை மாறியது. 1994-ல் நிறுவனம் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.எச்-இடம் போனது. 2008-ல் தியெரி வாசர் பொறுப்பேற்றார். சுவிட்சர்லாந்துக்காரர். கெர்லான் குடும்பத்தைச் சேராத முதல் தலைமை வாசனைக் கலைஞர் அவர்தான். ஆனாலும் நிறுவனத்துக்கென்று சொந்தமாக ஒரு 'மூக்கு' இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஷனேல், எர்மெஸ் போன்ற சில இடங்களில் மட்டும்தான் இது இருக்கிறது.

இதனால் நடைமுறையில் என்ன லாபம் என்றால், நூறாண்டுக்கு முந்தைய சூத்திரத்தையும் இந்த ஆண்டு சூத்திரத்தையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்ய முடிகிறது. பழைய சென்டில் ஒரு மூலப்பொருள் கிடைக்காமல் போனால், அதைச் சரிசெய்யும் ஆளும் புதியதை உருவாக்கும் ஆளும் ஒருவரே.

கேள்வி: தேனீ பதித்த புட்டி அரச குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது என்பது நிஜமா, விளம்பரமா?

பதில்: நிஜம். 1853-ல் மூன்றாம் நெப்போலியனை மணந்த யூஜெனி பேரரசிக்காக 'ஓ டி கொலோன் இம்பீரியால்' செய்யப்பட்டது. தேனீ நெப்போலியன் வம்சத்தின் சின்னம். போஷே எ து கூர்வால் கண்ணாடி ஆலை வார்த்த அந்தப் புட்டியில் 69 தேனீக்கள் இருக்கும். மேற்புறத்தில் செதில் செதிலாக வரும் வளைவுகள் பாரிஸின் வாந்தோம் தூணைப் பார்த்துச் செய்தவை. உள்ளே இருந்தது ஆரஞ்சுப் பூ, பெர்கமோட் (எலுமிச்சை இனக் காய்), எலுமிச்சை, ரோஸ்மேரி கலந்த எளிய கொலோன்தான். தோலில் அரை மணி நேரம் நின்றால் பெரிது. கொலோனின் வேலையே அதுதான். அதில் குறை காண ஒன்றுமில்லை.

கேள்வி: 1889-ல் வந்த ஜிக்கியை 'முதல் நவீன சென்ட்' என்கிறார்கள். அதற்கு முன்பே செயற்கைப் பொருள் போட்ட சென்ட் இருந்ததாகவும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. வில்லியம் ஹென்றி பெர்கின் கூமரினைச் செயற்கையாகத் தயாரித்தது 1868-ல். காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்த மாதிரி மணக்கும் வெள்ளைப் படிகம் அது. 1882-ல் ஊபிகானின் 'ஃபூஜேர் ரோயால்' அதை வெளிப்படையாகப் பயன்படுத்தியது. அந்த வகையில் முந்தியது அதுதான்.

எமே கெர்லான் ஜிக்கியில் கூமரினோடு வனிலினையும் சேர்த்தார். வனிலினை டீமனும் ஹார்மனும் செயற்கையாகச் செய்தது 1874-ல். மேலே லாவெண்டரும் பெர்கமோட்டும், அடியில் புனுகு போன்ற விலங்கு வாசனை. அதுவரை ரோஜா சென்ட் என்றால் ரோஜா மணக்க வேண்டும், வயலட் என்றால் வயலட். ஜிக்கியை முகர்ந்தவருக்கு இது எந்தப் பூ என்று சொல்லத் தெரியவில்லை. இயற்கையில் இல்லாத ஒரு வாசனையை, இயற்கைப் பொருளும் ஆய்வுக்கூடப் பொருளும் சேர்ந்து உண்டாக்கின. 'நவீனம்' என்று சொல்வது இதைத்தான். அன்றிலிருந்து நிறுத்தாமல் விற்பனையில் இருக்கிறது என்பதும் அதன் பெருமையில் ஒரு பங்கு.

செயற்கை என்றால் மலிவு, கலப்படம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோங்கா விதையில் கூமரின் எடைக்கு 1 முதல் 3 சதவீதம் வரை இயற்கையாகவே இருக்கிறது. அந்த விதையின் சாறு கூடவே புகையிலை, பிசின், கசப்பு வாசனைகளையும் இழுத்துக்கொண்டு வரும். தனிக் கூமரின் சுத்தமாக நிற்கும். கெர்லான் பாணியில் இரண்டையும் ஒன்றாகப் போடுவார்கள். செயற்கைப் பொருள் தெளிவையும் வீச்சையும் கொடுக்கும், இயற்கைச் சாறு ஓரங்களை மழுக்கும். இந்த நிறுவனத்தின் படைப்புக் கொள்கையை ஒரே வரியில் கேட்டால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம்.

கேள்வி: 'கெர்லினாட்' என்று ஒரு ரகசியக் கலவை எல்லா கெர்லான் சென்டிலும் இருக்குமாமே? அதை நாமே மூக்கால் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு திருத்தம். ஒரு பெரிய ஜாடியில் தயாராக வைத்திருந்து எல்லாவற்றிலும் ஒரு கரண்டி ஊற்றும் கலவையாக அதைக் கற்பனை செய்ய வேண்டாம். பெர்கமோட், ரோஜா, மல்லிகை, ஐரிஸ் கிழங்கு, டோங்கா, வனிலா ஆகிய ஆறு பொருள்களும் திரும்பத் திரும்ப வரும் பழக்கம் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். விகிதம் சென்டுக்கு சென்ட் மாறும். சிலவற்றில் ஒன்றிரண்டு இருக்காது.

சோதிக்க ஜிக்கி, 1912-ன் 'லேர் ப்ளெ', 1925-ன் ஷாலிமார் மூன்றையும் எடுங்கள். மூன்றுமே ஒரே செறிவில், அதாவது மூன்றும் ஓ டி பர்ஃப்யூமாகவோ மூன்றும் எக்ஸ்ட்ரேவாகவோ இருக்கட்டும். செறிவு கலந்துபோனால் ஒப்பீடு குழம்பிவிடும். வாசனைத் தாள் பட்டைகளின் நுனியை அரை சென்டிமீட்டர் மட்டும் நனையுங்கள். மறுநுனியில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, ஒன்றையொன்று தொடாதபடி கிளிப்பில் மாட்டுங்கள்.

15 நிமிடத்தில் முகர்ந்தால் மூன்றும் மூன்று வீடு. ஜிக்கியில் லாவெண்டர், லேர் ப்ளெயில் சோம்பு சாயலும் பவுடர் போன்ற பூவும், ஷாலிமாரில் பெர்கமோட். இரண்டு மணி நேரத்தில் பூக்கள் ஒதுங்க ஆரம்பிக்கும். ஐரிஸின் உலர்ந்த, மாவு போன்ற வாசனை இந்தக் கட்டத்தில்தான் எட்டிப்பார்க்கும். மறுநாள் காலையில், பெயரைப் பார்க்காமல் மூன்றையும் முகர்ந்து பாருங்கள். வனிலாவும் கூமரினும் கொஞ்சம் பிசினும் கலந்த மென்மையான அடி வாசனை மூன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொதுத்தன்மைதான் கெர்லினாட்.

பலருக்கு இது பிடிபடாமல் போகக் காரணம் ஒன்றுதான்: கடையில் தெளித்த உடனே முகர்ந்து முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வருவது ஆல்கஹாலும், முதலில் எழுந்து சீக்கிரம் ஓடிவிடும் வாசனையான மேல் நோட்டும். கெர்லானின் கையெழுத்து அடியில் இருக்கிறது.

கேள்வி: ஜிக்கி புட்டியில் எத்தில் வனிலினை ஊற்றியதும் ஷாலிமார் பிறந்தது என்கிறார்கள். அவ்வளவு எளிதா?

பதில்: அப்படி ஒரு கதை வழக்கில் இருக்கிறது. கதையை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் தொழில் நுட்பத்தைப் பார்க்கலாம். எத்தில் வனிலின் சாதாரண வனிலினைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவானது. சாக்லெட் சாயல் கூடுதல். அதை ஒரு லாவெண்டர்-கூமரின் கலவையில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். கீழே சொல்வது ஷாலிமாரின் சூத்திரம் இல்லை. அதன் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரு பயிற்சி.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகள், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தில் ஆல்கஹால். பெர்கமோட் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், கூமரின், வனிலின், எத்தில் வனிலின் ஐந்தையும் தனித்தனியே 10 சதவீதக் கரைசலாக்குங்கள். 1 கிராம் பொருளுக்கு 9 கிராம் ஆல்கஹால். கூமரின் கரையத் தாமதித்தால் குப்பியை இளஞ்சூடான நீரில் நிறுத்தி ஆட்டுங்கள். அடுப்புப் பக்கம் போகவே கூடாது. ஆல்கஹால் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும்.

இப்போது பெர்கமோட் கரைசல் 3 கிராம், லாவெண்டர் 3 கிராம், கூமரின் 2 கிராம், வனிலின் 1 கிராம். மொத்தம் 9 கிராம். இதை இரண்டு குப்பிகளில் 4.5 கிராம் வீதம் பிரியுங்கள். முதல் குப்பியில் 0.5 கிராம் வெறும் ஆல்கஹால். இரண்டாவதில் 0.5 கிராம் எத்தில் வனிலின் கரைசல். இரண்டையும் மூடி இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டுத் தாளில் முகருங்கள்.

இரண்டாவது குப்பியில் வனிலாவின் வலு முதல் குப்பியைப் போல நான்கு மடங்கு ஆகியிருக்கும். லாவெண்டர் பின்னுக்குப் போய்விடும். மொத்தமும் இனிப்பாக, கனமாக, தட்டையாகத் தோன்றும். முதல் முயற்சியில் எல்லோரும் ஏமாற்றமடையும் இடம் இது. இப்போது இரண்டாவது குப்பியில் மட்டும் இன்னும் 1 கிராம் பெர்கமோட் கரைசல் சேருங்கள். கலவை சட்டென்று நிமிர்ந்து உட்காரும். புளிப்பும் பச்சையுமான அந்த எண்ணெய்தான் வனிலாவின் எடையைத் தூக்கிப் பிடிக்கிறது. ஷாலிமாரில் பெர்கமோட் ஏன் அவ்வளவு தாராளமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தக் குப்பியில் கிடைத்துவிடும்.

தவறு நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். சொட்டு எண்ணிக் கலக்காதீர்கள், ஒவ்வொரு எண்ணெயின் சொட்டும் ஒவ்வொரு எடை. தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் எண்ணெய் பிரிந்து கலவை பால் போல் கலங்கும். குளிர்ந்த இடத்தில் கூமரின் மறுபடி படிகமாக இறங்கலாம். வனிலின் கரைசல் வெளிச்சத்தில் பழுப்பாகும். இதையெல்லாம் தாளில் மட்டும் முகருங்கள், தோலில் பூச வேண்டாம். பிழிந்தெடுத்த பெர்கமோட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென், வெயில் பட்ட தோலைக் கருக்கிவிடும். தோலில் தங்கும் பொருள்களில் அந்த எண்ணெய்க்கு சர்வதேச வாசனைச் சங்கமான இஃப்ரா வைத்திருக்கும் உச்சவரம்பு 0.4 சதவீதம். அதனால்தான் இன்று சென்ட் ஆலைகள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன.

கேள்வி: ஷாலிமார், மிட்சுகோ என்று கீழை நாட்டுப் பெயர்களாகவே வைத்திருக்கிறார்களே?

பதில்: அந்தக் காலத்துப் பாரிஸின் மோகம். ஷாலிமார் முகலாயத் தோட்டத்தின் பெயர். அதன் புட்டி 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. தோட்ட நீரூற்றுத் தொட்டியின் வடிவம், விசிறி போன்ற நீல மூடி. ரேமோன் கெர்லான் வரைந்தது, பாக்கரா ஆலை செய்தது. மிட்சுகோ 1909-ல் வந்த ஒரு பிரெஞ்சு நாவலின் ஜப்பானிய நாயகி பெயர். இந்த வகை சென்டுகளை 'ஓரியண்டல்' என்று அழைக்கும் பழக்கத்தைத் துறையில் பலர் கைவிட்டு 'ஆம்பர்' என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். பாரிஸ்காரர்கள் கற்பனை செய்த கிழக்குக்கும் நிஜக் கிழக்குக்கும் அதிக சம்பந்தம் கிடையாது.

கேள்வி: மிட்சுகோவின் பழைய புட்டியையும் புதிய புட்டியையும் முகர்ந்தேன். ஒன்று போல் இல்லை. பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு சூத்திரத்தை மாற்றுவது ஏமாற்று இல்லையா?

பதில்: மாற்றியது உண்மை. அதை ஏமாற்று என்று சொல்வதற்கு முன் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

ஜாக் கெர்லான் 1919-ல் செய்த மிட்சுகோ இரண்டு தூண்களில் நிற்கிறது. ஒன்று பீச் பழ வாசனை. 'ஆல்டிஹைடு சி-14' என்று வணிகத்தில் அழைக்கப்படும் பொருளிலிருந்து அது வருகிறது. வேதியியல்படி அது ஆல்டிஹைடே இல்லை, லாக்டோன். அதற்கு இன்றும் தட்டுப்பாடு கிடையாது. இரண்டாவது தூண் ஓக்மாஸ். ஓக் மரப்பட்டையில் வளரும் லைக்கன் அது. ஈரமண், மை, கடல்பாசி எல்லாம் கலந்த இருண்ட வாசனை. சென்ட் தயாரிப்பாளர் கோத்தி 1917-ல் 'ஷீப்ரு' சென்டில் போட்ட பெர்கமோட், லாப்டனம் பிசின், ஓக்மாஸ் அடித்தளத்தின் மேல்தான் ஜாக் பீச்சை ஏற்றினார்.

சிக்கல் ஓக்மாஸில். அதன் சாற்றில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர் பெற்றவை. இஃப்ரா முதலில் அளவைக் குறைத்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் விதி கொண்டுவந்து இந்த இரண்டையும் அழகுசாதனங்களில் தடை செய்தது. 2021 ஆகஸ்டு 23-க்குப் பிறகு அவை உள்ள பொருள் ஐரோப்பியக் கடை அலமாரியில் இருக்கக் கூடாது. கெர்லான் விரும்பினாலும் 1919-ன் சாற்றை இன்று அப்படியே ஊற்ற முடியாது.

தடை வந்தால் மூன்று வழிகள். ஓக்மாஸை எடுத்துவிட்டு இடத்தைப் பச்சௌலி, வெட்டிவேர், செயற்கைப் பாசி வாசனைகளால் நிரப்பலாம். அப்படிச் செய்தால் சென்ட் மெலிந்து, பீச் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இடைக்காலத்து மிட்சுகோ புட்டிகளைப் பலர் குறை சொன்னது இதனால்தான். இரண்டாவது வழி, சாற்றிலிருந்து அந்த இரண்டு மூலக்கூறுகளை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்துவது. இதில் பாசியின் உடம்பு கிடைக்கும், ஆனால் நீக்கும்போது போன மை வாசனையைச் சிறு அளவுகளில் வேறு பொருள்களால் ஒட்டுப்போட வேண்டும். வாசர் காலத்து மிட்சுகோ இந்தச் சுத்திகரித்த பாசியால்தான் பழைய கனத்துக்கு அருகில் வந்தது. மூன்றாவது வழி சென்டையே நிறுத்திவிடுவது. பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் அதைத்தான் செய்தன.

எங்கள் கருத்து: மாற்றியதில் தவறில்லை. எப்போது, எதற்காக மாற்றினோம் என்று புட்டியிலோ அட்டையிலோ ஒரு வரி போடாததுதான் தவறு. இந்த விஷயத்தில் கெர்லான் மட்டுமல்ல, மொத்தத் துறையும் வாய் திறப்பதில்லை.

உங்கள் பழைய புட்டியையே 'அசல்' என்று நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெர்கமோட்டின் லிமோனீனும் லினலைல் அசிடேட்டும் ஆண்டுகள் போகப் போகச் சிதையும். மேல் நோட் செத்த சென்டில் பாசி வாசனை இயல்பைவிடக் கருமையாகத் தெரியும். பழைய சூத்திரங்களை ஒழுங்காக முகர வேண்டுமானால் வெர்சாயில் இருக்கும் ஒஸ்மோதெக் சரியான இடம். 1990-ல் தொடங்கிய வாசனைக் காப்பகம் அது. சூத்திரத்தைப் பார்த்து மறுபடி தயாரித்து, 12 டிகிரி குளிரில், புட்டிக்குள் ஆர்கான் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் படாததால் மேல் நோட் உயிரோடு இருக்கும்.

கேள்வி: இயற்கைப் பொருளின் வாசனை ஆண்டுக்கு ஆண்டு மாறுமே. சென்ட் மட்டும் எப்படி ஒரே மாதிரி வருகிறது?

பதில்: 'கொம்யுனெல்' என்ற முறையால். பெர்கமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் கலாப்ரியா கடலோரத்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை அறுவடை. சீசன் தொடக்கத்துக் காய் பச்சையாக, கூர்மையாக மணக்கும். கடைசிக் காய் மஞ்சளாகி இனிப்பும் பூ வாசனையும் ஏறும். 1 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ காய். பல தோட்டங்களின், பல மாதங்களின் எண்ணெயைத் தனித்தனி மாதிரியாக வாங்கி, முன்பு பயன்படுத்திய தர மாதிரியோடு ஒவ்வொன்றாக முகர்ந்து ஒப்பிடுவார்கள். பிறகு இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று கலந்து அந்தத் தரத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரே தோட்டத்தின் 'சிறந்த' எண்ணெயை வாங்கினால் அடுத்த ஆண்டு மழை பிசகியதும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐரிஸ் இன்னும் பொறுமை கேட்கும். கிழங்கு மூன்று ஆண்டு மண்ணில், தோல் சீவிக் காயவைத்து மேலும் இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில். புதுக் கிழங்கில் அந்த வாசனையே இருக்காது. காயும்போது நடக்கும் மெதுவான ஆக்சிஜனேற்றத்தில்தான் ஐரோன் என்ற வாசனை மூலக்கூறு உண்டாகிறது. ஒரு டன் காய்ந்த கிழங்கை நீராவியில் வடித்தால் சுமார் 2 கிலோ கிடைக்கும். மிரிஸ்டிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் ஆறியதும் அது உறைந்துவிடும். ஐரிஸ் வெண்ணெய் என்று அழைப்பது அதனால்தான்.

மல்லிகைக்கு நீராவி ஆகாது, சூட்டில் வாசனை கெட்டுவிடும். ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவிக் குளிர்வித்து மெழுகை வடிகட்டினால் அப்சல்யூட் என்ற செறிந்த சாறு. 1 கிலோவுக்குச் சுமார் 700 கிலோ பூ. ரோஜா எண்ணெய் என்றால் 3,000 முதல் 4,000 கிலோ பூ.

கேள்வி: எக்ஸ்ட்ரே, ஓ டி பர்ஃப்யூம், ஓ டி டாய்லெட் மூன்றும் ஒரே சென்டின் நீர்த்த வடிவங்கள்தானே?

பதில்: கெர்லானில் பெரும்பாலும் அப்படியில்லை. பொதுவாக எக்ஸ்ட்ரேயில் வாசனைப் பொருள் 20 சதவீதத்துக்கு மேல், ஓ டி பர்ஃப்யூமில் 15-ஐ ஒட்டி, ஓ டி டாய்லெட்டில் 10-ஐ ஒட்டி இருக்கும். இதற்குச் சட்ட வரையறை எதுவும் கிடையாது. செறிவோடு விகிதமும் மாறும். ஓ டி டாய்லெட்டில் மேல் நோட்டைத் தூக்கிவிடுவார்கள், எக்ஸ்ட்ரேயில் பூவும் அடியும் முன்னால் வரும். ஒன்று பிடிக்கவில்லை என்று மற்றதைத் தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி: கெர்லான் சூத்திரத்தை வேறு யாராவது காப்பி அடித்தால் வழக்குப் போட முடியுமா?

பதில்: பெயர், புட்டி வடிவம், வணிகச் சின்னம் இவற்றுக்குப் போடலாம். வாசனைக்குக் கஷ்டம். 2006 ஜூன் 13-ல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கூர் தெ கஸாஸியோன், சென்டின் வாசனை பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) உரிய படைப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் ஜூன் 16-ல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. இன்று வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் ஒரு சொட்டுப் போட்டால் பெரும்பாலான மூலக்கூறுகள் வெளியே வந்துவிடும். இயற்கைச் சாறுகளின் தரமும் கொம்யுனெல்லும் மட்டும் கருவிக்குப் பிடிபடாது. நகல்கள் முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக மணந்து, அடியில் காலை வாருவது அதனால்தான்.

கேள்வி: ஷாலிமார் எக்ஸ்ட்ரே புட்டியின் கழுத்தில் நூல் கட்டி, மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அறுத்தால் மதிப்புப் போய்விடுமா? மூடியும் அசைய மறுக்கிறது.

பதில்: அந்தக் கட்டுக்கு 'போத்ருஷாஜ்' என்று பெயர். ஈரமான சவ்வை மூடியின் மேல் போர்த்தி, கழுத்தில் இழுத்து நூலால் சுற்றிக் கட்டுவார்கள். உலர உலரச் சவ்வு சுருங்கிக் காற்றுப் புகாமல் இறுக்கிவிடும். கடைசியில் நூலின் நுனியைத் தூரிகையால் பிரித்துக் குஞ்சம் போலாக்குவார்கள். தேய்த்த கண்ணாடி மூடி தானாகவே முழுதாக அடைக்காது என்பதால் வந்த ஏற்பாடு இது. கெர்லானில் 'மேசைப் பெண்கள்' என்று அழைக்கப்படும் கைவினைஞர்கள் இதை இன்றும் கையால் செய்கிறார்கள். விற்பதற்காக வைத்திருந்தால் அறுக்காதீர்கள். பூசுவதற்கு என்றால் தயங்க ஒன்றுமில்லை.

முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சிறு கத்தரியால் நூலை வெட்டுங்கள். ஈரத் துணியால் சவ்வை ஒரு நிமிடம் ஒற்றினால் கிழியாமல் உரியும். மூடி இறுகியிருக்கக் காரணம், ஷாலிமாரின் பிசினும் வனிலாவும் மூட்டில் கசிந்து உலர்ந்து பசை ஆகியிருக்கும். தூரிகையால் மூட்டைச் சுற்றி ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, புட்டியை நிமிர்த்தியே பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கழுத்தை மட்டும் உள்ளங்கையால் இரண்டு மூன்று நிமிடம் பொத்திப் பிடியுங்கள். கழுத்து லேசாக விரியும், மூடி இன்னும் விரிந்திருக்காது. மரக் கைப்பிடியால் மூடியின் பக்கவாட்டில் இருபுறமும் மாற்றி மாற்றி மெல்லத் தட்டி, திருகிக்கொண்டே மேலே இழுங்கள்.

வெந்நீரில் முக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கும். தீக்குச்சி பக்கத்திலேயே கூடாது. ஒரு பக்கமாக நெம்பினால் மூடியின் தண்டு உடைந்து கழுத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: திறந்த புட்டியில் ஷாலிமார் கறுத்துக்கொண்டே போகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வனிலின் இருந்தால் பழுப்பாவது இயல்பு. தாளில் ஒரு சொட்டு விட்டு முதல் பத்து நிமிடத்தை முகருங்கள். பெர்கமோட்டுக்குப் பதிலாக டர்பென்டைன் அல்லது நகப்பூச்சு நீக்கி போன்ற நெடி வந்தால் மேல் நோட் ஆக்சிஜனேறிவிட்டது. அரை மணி கழித்து வரும் அடி வாசனை நன்றாக இருந்தால் துணியில் மட்டும் பூசிக்கொள்ளலாம். ஆக்சிஜனேறிய லிமோனீனும் லினலூலும் தோலில் அரிப்பு உண்டாக்கும், அதனால் தோலில் வேண்டாம். வெளிர்நிறத் துணியில் பழுப்புக் கறை விழும், உள்மடிப்பில் பூசுங்கள்.

மீதியைக் காப்பாற்ற வேண்டுமானால், பாதிக்கு மேல் காலியான புட்டியிலிருந்து கழுத்து வரை நிரம்பும்படி சிறு கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, பெட்டிக்குள் வைத்து, 20 டிகிரிக்குக் கீழே, குளியலறையிலிருந்து தள்ளி வையுங்கள். எக்ஸ்ட்ரே மூடியின் கண்ணாடித் தண்டைத் தோலில் தொட்டால், துடைத்துவிட்டுத்தான் திரும்பப் புட்டிக்குள் விட வேண்டும்.